பழைய சில்லுகளை விண்கலத்தில் பொருத்துவதற்கு முன்

2021 பிப்ரவரியில் செவ்வாயில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியின் முதன்மைக் கணினி ஆர்.ஏ.டி.750 என்ற நுண்செயலியில் இயங்குகிறது. அந்தச் சில்லு 2001-இல் வெளிவந்தது. அதற்கு மூலமான பவர்பிசி 750, 1997-இல் மேசைக் கணினிகளுக்காக உருவானது. அதே ஊர்தியின் அடிவயிற்றில் கட்டப்பட்டுச் சென்ற இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டருக்கோ ஸ்னாப்டிராகன் 801 என்ற கைபேசிச் சில்லைக் கொடுத்தார்கள். ஹெலிகாப்டர் ஒரு பரீட்சார்த்த முயற்சி. அது விழுந்தாலும் ஊர்தியின் பணி தொடரும். ஊர்தியின் கணினி நின்றால் மொத்தத் திட்டமும் முடிந்துவிடும். எந்த வேலைக்குப் பழைய பாகம், எந்த வேலைக்குப் புதிய பாகம் என்று பிரிக்கும் முறைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

செயற்கைக்கோள், ஏவுகலம், விமானக் கட்டுப்பாடு, ரயில் சைகை, மருத்துவமனை உயிர்காப்புக் கருவி போன்ற, பிழை நேர்ந்தால் உயிரோ பெரும் பொருளோ போகக்கூடிய அமைப்புகளில் பழைய மின்னணுப் பாகங்களைப் பயன்படுத்த வேண்டிய நிலையில் இருக்கும் பொறியாளர்களுக்கும் மாணவர்களுக்கும் உரியது இந்த வழிகாட்டி. அதற்கு முன் பரவலாக இருக்கும் ஒரு நம்பிக்கையைச் சரிசெய்துகொள்வது நல்லது. பழைய சில்லுகளில் டிரான்சிஸ்டர்கள் பெரியவை, ஆகவே கதிர்வீச்சு அவற்றை ஒன்றும் செய்யாது என்று பலரும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. பெரிய டிரான்சிஸ்டரில் ஒரு பிட்டைத் தாங்கும் மின்னூட்டம் அதிகம் என்பதால், ஒற்றைத் துகள் மோதி அந்த பிட்டைப் புரட்டுவது கடினம். ஆனால் அதே பழைய சில்லில் ஆக்சைடு அடுக்கு தடிமனாக இருக்கும். மாதக் கணக்கில் சேரும் கதிர்வீச்சு அந்தத் தடிமனான அடுக்கில்தான் மின்னூட்டமாகச் சிக்கிக்கொண்டு, டிரான்சிஸ்டர் திறக்கும் மின்னழுத்தத்தை மெல்ல மெல்ல நகர்த்திவிடும். ஆர்.ஏ.டி.750 இரண்டு லட்சம் முதல் பத்து லட்சம் ராட் (உறிஞ்சிய கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை தாங்குவதற்குக் காரணம் அதன் வயது அல்ல. அதற்கென்று சுற்றை மாற்றி வரைந்து, அதற்கென்று அமைந்த செயல்முறையில் வார்த்ததுதான் காரணம். அதன் உடன்பிறப்பான சாதாரண பவர்பிசி 750-ஐ யாராவது பழைய கணினியிலிருந்து கழற்றிக் கொடுத்தால், அதற்கு அந்தத் தாங்கும் திறன் இருப்பதாகக் கொள்ளக் கூடாது.

ஆகவே பழைய பாகத்தை எடுக்கும்போது நாம் பெறுவது அதன் வரலாற்றுப் பதிவைத்தான்: யார் செய்தது, எந்த ஆலையில், எந்த லாட்டில் (ஒரே தடவையில் சேர்த்துச் செய்த தொகுதியில்), எப்போது, இத்தனை ஆண்டுகள் எங்கே இருந்தது, யார் என்ன சோதனை செய்தார்கள். இந்தப் பதிவு இல்லாத பாகம் எவ்வளவு பழையதாக இருந்தாலும் புத்தம் புதிய, சோதிக்கப்படாத பாகத்துக்குச் சமம். என் கணக்கில் அதைவிட ஒரு படி கீழே.

எங்கிருந்து வாங்குவது

முதலில் கருவியின் முழுப் பாகப் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றும் இன்னும் உற்பத்தியில் இருக்கிறதா, நிறுத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டுள்ளதா, நிறுத்தப்பட்டுவிட்டதா என்று குறித்துக்கொள்ளுங்கள். உற்பத்தியை நிறுத்தும் நிறுவனங்கள் வழக்கமாக ஓர் அறிவிப்பை அனுப்பி, கடைசியாக வாங்கிக்கொள்ளச் சில மாத அவகாசம் தருகின்றன. அந்த அவகாசத்தில் வாங்குவதே எல்லா வழிகளிலும் மலிவானது. எத்தனை வாங்குவது என்று கணக்கிடும்போது, கருவிக்கு வேண்டியதோடு நிறுத்தாமல், அழித்துச் சோதிக்க வேண்டியவை, கதிர்வீச்சுச் சோதனைக்குப் போகிறவை, சால்டர் வைக்கையில் வீணாகிறவை, தரையில் மாதிரிக் கருவி கட்டத் தேவைப்படுபவை எல்லாவற்றையும் கூட்டுங்கள். அனுபவமில்லாதவர்கள் கடைசி இரண்டையும் மறந்துவிடுவது வழக்கம்.

அவகாசம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க விண்ணோடத் திட்டமே சான்று. அதன் பக்கவாட்டு ராக்கெட்டுகளைச் சோதிக்கும் தரைக் கருவிகளில் 1978-இல் வெளிவந்த இன்டெல் 8086 சில்லுகள் இருந்தன. அவற்றுக்கு மாற்றுப் பாகம் தேடி ஈபே போன்ற இணைய ஏலத் தளங்களில் அலைய வேண்டியிருந்தது 2002-இல் செய்தியாயிற்று. தரைக் கருவி என்பதால் அது சமாளிக்கக்கூடிய நிலை. பறக்கும் கருவிக்கு அந்த வழியை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது.

மூல நிறுவனம் கைவிட்ட சில்லுகளின் எஞ்சிய இருப்பையும், சில சமயம் உற்பத்தி உரிமையையும் முறைப்படி பெற்று விற்கும் நிறுவனங்கள் உள்ளன. ரோசெஸ்டர் எலக்ட்ரானிக்ஸ், லான்ஸ்டேல் செமிகண்டக்டர் ஆகியவை அவற்றுள் பெயர் பெற்றவை. விலை கசக்கும், ஆனால் சில்லு மூல ஆலையிலிருந்து கை மாறிய சங்கிலி அறுபடாமல் இருக்கும். அங்கும் கிடைக்காவிட்டால், பழைய செயலியின் நடத்தையை எஃப்.பி.ஜி.ஏ. (வாங்கிய பிறகு உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சில்லு) ஒன்றில் அப்படியே எழுதிப் பழைய மென்பொருளை அதில் ஓட்டலாம். அது ஒரு புதிய வடிவமைப்பு என்பதையும், முழுச் சான்றளிப்பும் மறுபடி தொடங்கும் என்பதையும் மேலாளரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மூன்றாவது வழி, இடைத்தரகர்களிடம் வாங்குவது. வேறு வழியே இல்லை என்று எழுத்தில் நிறுவிய பிறகுதான் அதற்குப் போக வேண்டும்.

நாடு ஒன்று தன் சில்லைத் தானே வைத்துக்கொள்வது நான்காவது வழி. அது தனிப்பட்ட பொறியாளரின் கையில் இல்லை. இஸ்ரோவின் ஏவுகலங்களில் 2009 முதல் விக்ரம் 1601 என்ற 16 பிட் செயலி இயங்கிவந்தது. அதன் அடுத்த வடிவமான 32 பிட் விக்ரம் 3201, மொகாலியில் உள்ள குறைகடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையில் தயாராகிறது. கைபேசி உலகம் சில நானோமீட்டருக்குப் போய்விட்ட காலத்தில் 180 நானோமீட்டரா என்று கேட்பவர்கள், அந்த ஆலை நம் கையில் இருக்கும் வரை நாளை அறிவிப்பு அனுப்பி உற்பத்தியை நிறுத்துபவர் யாரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

போலியைக் கண்டுபிடிப்பது

அமெரிக்க செனட்டின் ராணுவக் குழு 2012 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, ராணுவப் பொருள் வழங்கலில் ஐயத்துக்குரிய போலி மின்னணுப் பாகங்கள் புகுந்த சுமார் 1,800 நிகழ்வுகளைக் கண்டறிந்தது. அவற்றில் அடங்கிய பாகங்கள் பத்து லட்சத்துக்கு மேல். இவற்றில் பெரும்பாலானவை புதிதாகச் செய்த போலிகள் அல்ல. மின்கழிவுப் பலகைகளைச் சூடாக்கிக் கழற்றி, மேற்பரப்பைத் தேய்த்து, கறுப்புப் பூச்சு பூசி, வேறு எண்ணை அச்சிட்டு விற்றவை. பழைய பாகம் தேடுகிறவரே இந்த வணிகத்தின் முதன்மை வாடிக்கையாளர் என்பதால், இந்தக் கட்டத்தில் நேரம் செலவழிப்பது வீணாகாது.

வந்து சேர்ந்த சில்லுகளை முதலில் பத்து முதல் நாற்பது மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கியின் கீழ் வைத்து, மேற்பரப்பையும் அடிப்பரப்பையும் ஒப்பிடுங்கள். ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் என்பதால் இரண்டின் சொரசொரப்பும் ஒத்திருக்க வேண்டும். மேலே மட்டும் ஒரே திசையில் ஓடும் கீறல்கள் தெரிந்தால் அது உப்புத்தாள் போட்ட அடையாளம். வார்ப்பின்போது விழும் வட்டக் குழியின் அடிப்பகுதியில் பூச்சு தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பஞ்சை அசிட்டோனில் நனைத்து மேலே தேய்த்துப் பாருங்கள். பஞ்சு கறுத்தால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம். கறுக்கவில்லை என்பதால் மட்டும் நிம்மதி அடையக் கூடாது, ஏனெனில் அசிட்டோனுக்கு அசையாத பூச்சுகள் வந்து பல ஆண்டுகளாகின்றன. அவற்றுக்குச் சூடாக்கிய, வலிமை மிக்க கரைப்பான்கள் தேவை.

கால்களின் நுனி பலர் பார்க்க மறக்கும் இடம். ஆலையில் முலாம் பூசிய பிறகு கால்களை வெட்டி வளைக்கிறார்கள் என்பதால், வெட்டிய நுனியில் உள்ளிருக்கும் செம்போ பிற உலோகமோ சற்று வெளியே தெரியும். நுனி வரைக்கும் பளபளவென்று முலாம் மூடியிருந்தால், யாரோ அதை ஒருமுறை பயன்படுத்திவிட்டு மறுபடி சால்டரில் தோய்த்திருக்கக்கூடும்.

அடுத்தது டேட் கோட் எனப்படும் நான்கு இலக்க எண். 0214 என்றால் 2002-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம். உற்பத்தி நின்ற ஆண்டுக்குப் பிந்தைய எண் அச்சிட்டிருப்பதும், ஆண்டில் இல்லாத 57-ஆவது வாரத்தைக் காட்டுவதும் போலிகளில் நடந்திருக்கின்றன. போலி செய்கிறவர் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. ஒரே டேட் கோட் உள்ள சில்லுகள் அனைத்தையும் எக்ஸ்-கதிரில் பாருங்கள்: உள்ளிருக்கும் சிலிக்கான் துண்டின் அளவும், இணைப்புக் கம்பிகள் ஓடும் பாதையும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இறுதியாகச் சிலவற்றை அமிலத்தால் திறந்து, சிலிக்கானில் பொறித்த நிறுவன முத்திரையையும் வடிவமைப்பு எண்ணையும் படியுங்கள். திறந்த சில்லு திரும்பக் கிடைக்காது. அதற்காகத்தான் கூடுதலாக வாங்கச் சொன்னேன்.

கிடங்கில் கிடந்த காலம்

அசல் என்று உறுதியான பாகமும் கிடங்கிலேயே முதுமை அடையும். பிளாஸ்டிக் உறை காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சால்டர் உலையின் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி உறையை உள்ளிருந்து பிளக்கும். தொழிலில் இதைப் பாப்கார்ன் என்றே சொல்கிறார்கள். பிளவு வெளியே தெரியாமல், சிலிக்கானுக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையே மட்டும் பிரிந்து, ஓராண்டு கழித்து இணைப்புக் கம்பி அறுபடுவதே மோசமான வகை. இதைத் தவிர்க்கச் சில்லுகளை 125 டிகிரி செல்சியஸில் வைத்து உலர்த்த வேண்டும். எத்தனை மணி நேரம் என்பது உறையின் தடிமனையும் ஈர உணர்திறன் நிலையையும் பொறுத்தது. நாடாவில் சுற்றி வந்தவை அந்தச் சூட்டைத் தாங்கா. அவற்றை 40 டிகிரியில், ஐந்து சதவீதத்துக்கும் குறைவான ஈரப்பதத்தில் பல நாட்கள் வைக்க வேண்டும். திரும்பத் திரும்பச் சூடாக்கினால் கால்கள் ஆக்சைடு படிந்து சால்டர் பிடிக்காமல் போகும் என்பதால், எத்தனை முறை உலர்த்தினீர்கள் என்பதையும் லாட்டின் பதிவில் எழுதுங்கள்.

பீங்கான் உறையுள்ள பழைய ராணுவத் தரச் சில்லுகளில் இந்தத் தொல்லை குறைவு. அவற்றில் பார்க்க வேண்டியது உறையின் காற்றுப்புகாத் தன்மை. ஹீலியம் கசிவுச் சோதனை செய்து, சில மாதிரிகளை வெற்றிடத்தில் துளைத்து உள்வாயுவை அளந்து, நீராவி பத்து லட்சத்தில் 5,000 பங்குக்கு மேல் போகவில்லை என்று உறுதி செய்யுங்கள். உள்ளே தளர்ந்த உலோகத் துகள் இருக்கிறதா என்று அதிரவைத்துக் கேட்கும் சோதனையும் உண்டு. எடையற்ற வெளியில் அந்தத் துகள் எங்கு வேண்டுமானாலும் மிதந்து போய் இரு கம்பிகளை இணைத்துவிடும்.

வெள்ளீய முலாம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தூய வெள்ளீயப் பரப்பிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய உலோக இழைகள் தாமாக வளர்ந்து, அருகிலுள்ள கால்களைத் தொட்டுக் குறுக்குச் சுற்றை ஏற்படுத்தும். 1998 மே மாதம் கேலக்ஸி 4 செயற்கைக்கோள் இவ்வகைக் கோளாறால்தான் கட்டுப்பாட்டை இழந்தது. அமெரிக்காவின் பெரும்பாலான பேஜர்கள் அன்று ஊமையாயின. முலாமில் குறைந்தது மூன்று சதவீதம் ஈயம் கலந்திருந்தால் இந்த வளர்ச்சி அடங்கும் என்பதால் விண்வெளித் தரங்கள் அதைக் கட்டாயமாக்கியுள்ளன. ஈயத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய விதி 2006 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்தைய சில்லுகளில் ஈயம் கலந்த முலாம் இருக்க வாய்ப்பு அதிகம், பழைய பாகத்தின் உண்மையான நன்மைகளில் இது ஒன்று. ஆயினும் பாக எண் மாறாமலே முலாம் மாறிய லாட்டுகள் அந்த ஆண்டுகளை ஒட்டி ஏராளம். ரிலேக்களின் உறைகளில் தூய வெள்ளீயம் அதற்கு முன்பே இருந்தது. பரப்பில் என்ன உலோகம் இருக்கிறது என்று காட்டும் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியால் ஒவ்வொரு லாட்டையும் அளந்துவிடுங்கள், அச்சிட்ட சான்றிதழை நம்பாதீர்கள்.

மின்தேக்கிகளில் சுருக்கமாக: திரவ மின்பகுளி உள்ள பழைய அலுமினிய வகையை விண்கலத்தில் வைக்க வேண்டாம், தரைக் கருவியிலும் புதியதாக மாற்றிவிடுங்கள். திட டான்டலம் நன்றாகவே மூப்படையும். ஆனால் குறித்த மின்னழுத்தத்தில் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

புற ஊதா ஒளி பாய்ச்சி அழிப்பதற்காகக் கண்ணாடிச் சன்னல் வைத்த பழைய ஈப்ராம் நினைவகத்தில், பொதிந்த மின்னூட்டம் ஆண்டுக்கணக்கில் கசிகிறது. அதைக் கையில் எடுத்ததும் முதல் வேலை, உள்ளடக்கத்தைப் படித்து நகலெடுப்பது. மின்வழங்கலை அனுமதித்த மேல் எல்லையிலும் கீழ் எல்லையிலும் வைத்துப் படித்து இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாத பிட்கள் மறைந்துகொண்டிருப்பவை. நகல் சரி என்று உறுதியான பிறகே அழித்து, மறுபடி எழுதி, சன்னலின் மேல் ஒளி புகாத வில்லையை ஒட்டுங்கள்.

பழைய சோதனை அறிக்கை எந்த அளவுக்குச் செல்லும்

முந்தைய கலத்தில் பறந்த பாகம் என்று சொல்லி மறுசோதனையைத் தவிர்க்க எல்லாருக்கும் ஆசை. கதிர்வீச்சைப் பொறுத்தவரை, வேறு லாட்டில் செய்த சோதனை உங்கள் லாட்டுக்குச் செல்லாது. ஆலை செயல்முறையில் செய்யும், பயனருக்குச் சொல்லத் தேவையில்லை என்று கருதும் சிறு மாற்றமே தாங்கும் திறனைப் பாதியாக்கிவிடலாம். வியாழனின் நிலாவுக்குப் புறப்பட இருந்த யூரோப்பா கிளிப்பரில், கதிர்வீச்சைத் தாங்குபவை என்று வாங்கிப் பொருத்திய மாஸ்ஃபெட் என்ற வகை டிரான்சிஸ்டர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த அளவிலேயே பழுதாகின்றன என்பது 2024 மே மாதம், கலம் கட்டி முடியும் நேரத்தில், தெரியவந்தது. மாதக்கணக்கான சோதனைகளுக்குப் பின், வியாழனின் கதிர்வீச்சு வளையத்தைவிட்டு வெளியே வரும் இடைவேளைகளில் டிரான்சிஸ்டர்கள் ஓரளவு தாமாக மீள்கின்றன என்று நிறுவிய பிறகே, அக்டோபர் 14 அன்று கலம் ஏவப்பட்டது.

பழைய இருமுனை வகை ஒப்பீட்டுச் சில்லுகளுக்கும் மின்னழுத்தச் சீராக்கிகளுக்கும் இன்னொரு பொறி உண்டு. காமா கதிர் வீசும் கோபால்ட்-60 மூலத்தின் முன் வைத்து, நொடிக்கு 50 ராட் வீதத்தில் 50,000 ராட் கொடுத்தால் 17 நிமிடத்துக்குள் சோதனை முடிந்துவிடும், சில்லும் தேறிவிடும். அதே அளவை விண்வெளியைப் போல மெதுவாகக் கொடுத்தால் அதே சில்லு தோற்கக்கூடும் என்பது 1990-களின் தொடக்கத்தில் தெரியவந்தது. ஆகவே 1980-களின் அறிக்கையில் தேறியதாக எழுதியிருப்பது இந்த வகைக்குப் பொருளற்றது. நொடிக்கு 0.01 ராட் வீதத்தில் சோதிக்க 58 நாட்கள் பிடிக்கும். அட்டவணையில் அந்த இரண்டு மாதத்தை முதலிலேயே ஒதுக்குங்கள். இன்றைய பெரும்பாலான சில்லுகளின் வகையான சி.மாஸ் சில்லுகளுக்கு, ஒற்றைத் துகள் மோதியதும் மின்னோட்டம் கட்டுமீறிப் பாயும் லாட்ச்-அப் கோளாறு வருகிறதா என்ற சோதனையைத் துகள் முடுக்கியில் தனியே செய்ய வேண்டும்.

சுற்றில் செய்ய வேண்டியவை

ஒவ்வொரு பழைய சில்லின் மின்வழங்கலிலும், மின்னோட்டம் வரம்பு மீறினால் உடனே துண்டித்து மீண்டும் கொடுக்கும் சுற்றை வையுங்கள். நினைவகத்துக்குப் பிழை திருத்தும் குறியீடு வேண்டும். அதைப் படிக்கும்போது மட்டும் நம்பாமல், முழு நினைவகத்தையும் இடைவிடாமல் சுற்றிப் படித்துத் திருத்தி எழுதும் பணியும் மென்பொருளில் ஓட வேண்டும். இரட்டைக் கணினி வைத்துவிட்டோம் என்ற நிம்மதிக்கும் எல்லை உண்டு. 2011 நவம்பரில் ஏவப்பட்ட ரஷ்யாவின் ஃபோபோஸ்-கிரண்ட் கலம் புவியைச் சுற்றும் பாதையைவிட்டே நகரவில்லை. கணினியின் இரு பிரிவுகளும் ஒரே நேரத்தில் மறுதொடக்கத்தில் சிக்கின என்றும், விண்வெளித் தரமற்ற நினைவகச் சில்லுகளைத் துகள்கள் தாக்கியதே காரணமாகலாம் என்றும் அதிகாரப்பூர்வ விசாரணை சொன்னது. ஒரே வகைச் சில்லு இரு பக்கமும் இருந்தால் பலவீனமும் இரு பக்கமும் இருக்கும். ஏர்பஸ் ஏ320-இன் வடிவமைப்பாளர்கள் ஒருவகைக் கட்டுப்பாட்டுக் கணினியில் மோட்டரோலா 68010-ஐயும் மற்றொருவகையில் இன்டெல் 80186-ஐயும் வைத்தது இந்தக் கவலையால்தான்.

பழைய வன்பொருளோடு பழைய மென்பொருளும் சேர்ந்து வரும் என்பதால் ஏரியான் 5 என்ற ஐரோப்பிய ராக்கெட்டை நினைவில் வையுங்கள். 1996 ஜூன் 4 அன்று அதன் முதல் பயணத்தில், ஏரியான் 4-இலிருந்து அப்படியே எடுத்த வழிகாட்டும் கருவி, புதிய ராக்கெட்டின் அதிகமான கிடைமட்ட வேகத்தை 16 பிட் எண்ணில் அடக்க முடியாமல் நின்றது. மாற்றுக் கருவி அதற்கு 72 மில்லி வினாடி முன்பே அதே காரணத்தால் நின்றிருந்தது. கருவியில் பழுது எதுவும் இல்லை. அது தேறிய சூழலும் அன்று பறந்த சூழலும் வேறாக இருந்தன. ஆகவே பழைய பாகம் தேறிய ஒவ்வொரு அறிக்கையிலும் வெப்பநிலை, அதிர்வு, மின்னழுத்தம், உள்ளீட்டின் எல்லை ஆகியவற்றை எடுத்து, உங்கள் கலத்தின் எண்களோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள். ஒரு வரி ஒத்துப்போகாவிட்டாலும் அந்த வரிக்கு மறுசோதனை வேண்டும்.

கலம் போன பிறகும் பாகத்தின் ஆவணம் வேலை செய்யும். 2023 நவம்பரில் வாயேஜர் 1 பொருளற்ற தரவை அனுப்பத் தொடங்கியபோது, பறக்கும் தரவுக் கணினியின் நினைவகத்தில் சுமார் மூன்று சதவீதம் ஒரு சில்லின் பழுதால் கெட்டுப்போனதை, நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆவணங்களைப் புரட்டித்தான் கண்டுபிடித்தார்கள். அங்கிருந்த நிரலைத் துண்டு துண்டாக வேறு இடங்களுக்கு மாற்றி 2024 ஏப்ரலில் மீட்டார்கள். நீங்களும் சுற்று வரைபடம், நினைவகப் பங்கீடு, தொகுப்பு மென்பொருள், அது ஓடும் கணினி, ஈப்ராம் எழுதும் கருவி ஆகிய அனைத்தையும் கலத்தின் ஆயுள் முழுவதற்கும் பேணுங்கள். பறந்த அதே லாட்டிலிருந்து சில சில்லுகளை உலர்ந்த நைட்ரஜன் பெட்டியில், லாட் எண்ணோடும் திறந்த தேதிகளோடும், யாரும் அவசரத்துக்கு எடுத்துவிடாதபடி பூட்டி வையுங்கள்.